கஞ்சக் கால், தாராளக் கால்

முன்னறைக் கட்டிலில் வெர்டா விரித்து வைத்திருந்த முப்பது துணிக்கட்டங்களில் ஐந்துதான் தட்டையாகக் கிடந்தன. அவை அவளே தைத்தவை. நாத்தனார் ஆல்டா அனுப்பியிருந்த ஐந்தும் சூப்புத் தட்டுகளைப் போல நடுவில் குழிந்து ஓரங்களைத் தூக்கிக்கொண்டு நின்றன. அடுத்த பண்ணை லவீனாவின் ஐந்தோ முட்டைக்கோசின் வெளி இலையைப் போல விளிம்பெல்லாம் சுருண்டு அலைந்தன. மற்ற மூன்று வீடுகளிலிருந்து வந்தவை இந்த இரண்டு குணங்களுக்கும் நடுவே ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு கட்டம் பதினாலரை அங்குலம் இருக்க வேண்டும். ஆல்டாவுடையது பதினாலைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டது. லவீனாவுடையது பதினைந்தை எட்டப் பார்த்தது.

வெளியே மார்ச் மாதத்துச் சேறு. நான்கு மாதம் இறுகிக் கிடந்த இந்தியானா மண் மூன்று நாள் வெயிலில் இளகி, பாதையில் போன தபால்காரரின் வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிவிட்டுத்தான் திருப்பித் தந்திருந்தது. லவீனா வீட்டு மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்கும் வாளிகள் தொங்கின. சாறு காய்ச்சும் கொட்டகையிலிருந்து இனிப்பு கலந்த புகை வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை தேவாலயச் சபையின் கீழ்த்தளத்தில் போர்வை தைக்கும் மரச்சட்டம் போடுவதாக ஏற்பாடு. அதற்குள் இந்த முப்பது கட்டங்களும் ஒன்றாக இணைந்து ஒரு போர்வையின் மேல்துணியாக வேண்டும். நிவாரண நிதி திரட்டும் விற்பனைக்கு ஒவ்வோர் ஆண்டும் சபைப் பெண்கள் ஓர் ஒட்டுப்போர்வை கொடுப்பார்கள். இந்த ஆண்டு கரடிப் பாத வடிவம், ஆறு வீடு, வீட்டுக்கு ஐந்து கட்டம். பொறுப்பு வெர்டாவுடையது.

கரடிப் பாதம் பார்க்க எளிது, தைக்கப் பொல்லாதது. கட்டத்தின் ஓரத்தில் ஏழு சிறு துண்டுகள் வரிசையாக வரும். நடுவில் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலிழை தவறினால் ஓரம் ஒரு கணக்குச் சொல்லும், நடு வேறொரு கணக்குச் சொல்லும். அந்த வழக்குத்தான் இப்போது குழிவாகவும் சுருளாகவும் கட்டிலில் கிடந்தது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது தையலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் புரட்டி, தையலுக்கும் துணி விளிம்புக்கும் நடுவே விட்ட இடத்தை அளந்தாள். கால் அங்குலம். ஆல்டாவுடையதிலும் கால் அங்குலம், லவீனாவுடையதிலும் கால் அங்குலம். இவ்வளவு ஒழுங்கான தையலை அந்தச் சபையில் அவள் கண்டதே இல்லை. அப்படியானால் பிழை தைத்ததில் இல்லை, வெட்டியதில்.

வெட்டியதில் என்றால் பித்தளைச் சில்லில்.

 அட்டை அச்சுகளோடு ஆறு வீட்டிலிருந்தும் திரும்பி வந்திருந்த சில்லுகளை உறைகளிலிருந்து கொட்டி, மேசையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினாள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தன. விரல் நுனியை மேலே வைத்து இழுத்தபோது விரல் ஏறி இறங்கியது.

அட்டை அச்சு எப்போதும் தைத்து முடித்த அளவில்தான் இருக்கும். அதைத் துணியில் வைத்து, அதைச் சுற்றிலும் தையலுக்கு வேண்டிய கால் அங்குலத்தைக் கூட்டி வரைந்து வெட்ட வேண்டும். அந்தக் காலைக் கூட்ட அவர்கள் எத்தனையோ உபாயம் செய்து பார்த்தவர்கள். இரண்டு பென்சில்களை ரப்பர் வளையத்தில் சேர்த்துக் கட்டி, ஒன்று அச்சை ஒட்டி ஓட மற்றது வெளியே கோடு போடும்படி வரைந்தார்கள். வளையம் தளர்ந்தால் கோடு குடித்தவன் நடை நடந்தது. அளவுகோலை வைத்துப் புள்ளி புள்ளியாகக் குறித்தார்கள். மூலைக்கு வருவதற்குள் பொறுமை போயிற்று. ஜனவரியில் வெர்டாவின் கணவன் வில்மர்தான் அரை அங்குலப் பித்தளைத் தண்டைக் காசு காசாக அறுத்து, நட்டநடுவில் ஊசித் துளையிட்டுக் கொடுத்தான். துளையில் பென்சில் முனையைக் குத்தி, சில்லின் விளிம்பை அச்சின் ஓரமாக உருட்டிக்கொண்டு போனால் கோடு தானாகக் கால் அங்குலம் தள்ளி விழும். பெண்கள் சொக்கிப்போனார்கள்.

அந்தச் சில்லுக்கு முன்னால் வில்மர் எப்படி இருந்தான் என்பது வெர்டாவுக்குத்தான் தெரியும். முழங்கால் இரண்டும் போய்விட்டதென்று மருத்துவர் சொன்னபின், நவம்பரில் முப்பத்தேழு மாடுகளும் இரண்டு லாரிகளில் ஏறிப் போயின. அதன் பிறகு அவன் சாப்பாட்டுக்கு அழைத்தால் வந்தான், அழைக்காவிட்டால் வரவில்லை. வானொலியில் பால் விலை சொல்லும்போது எழுந்துபோய் அதை அணைத்தான். டிசம்பர் முழுக்க அவன் அவளிடம் பேசிய வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதி, கீழே கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கலாம். பித்தளைத் தண்டைப் பால் அறைக்குள் எடுத்துப்போன நாளிலிருந்துதான் சீட்டியடிக்கும் சத்தம் திரும்பக் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராகச் சில்லு வாங்க வந்தார்கள். அரை மணி நின்று பேசினார்கள். பழம் பொதிந்த பை பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தார்கள். இப்போது ஒஹையோவில் உள்ள ஒரு சபையிலிருந்து நாற்பது சில்லு கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அதை அவன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

அவனிடம் போய், உன் சில்லு தவறு, இருபத்தைந்து கட்டம் பாழ் என்று எந்த வாயால் சொல்வது?

பகல் சாப்பாட்டுக்கு அவன் அழைக்காமலே வந்தான். பீன்ஸ் சூப்பும் புது ரொட்டியும் ஊறவைத்த பீட்ரூட்டும் மேசையில் இருந்தன. தலை குனிந்து ஜெபித்து முடித்தவுடன் ரொட்டியில் ஆப்பிள் கூழைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தான்.

"கட்டமெல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"ஆல்டாதுதான் மொதல்ல வந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாருக்கு முன்னாடி போய் வாசல்ல நிப்பா அவ."

"ம்."

"எப்படி வந்திருக்கு?"

வெர்டா சூப்பைக் கிளறினாள். "நல்ல கலருதான்."

"கலரு கேக்கல."

"இன்னும் சரியாப் பாக்கல, வில்மர். சாப்பிடு, ஆறுது."

அவன் இரண்டு கரண்டி சாப்பிட்டான். "செவ்வாக்கிழமை சட்டத்துல ஏத்தறப்ப நானும் வரட்டுமா?"

"நீயா? அங்க பூரா பொம்பளைங்க."

"என் கொட்டாயிலயும் பூரா பொம்பளைங்கதான். நாப்பது வருஷம் நடுவுல நின்னேன். ஒருத்திகூட ஆட்சேபிக்கல."

"ரெண்டு மூணு பேரு உதைச்சாங்க."

"அது பாசம்." அவன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மறுபடியும் ஒருமுறை பார்த்தான். "இந்த ஒஹையோக்காரங்களுக்கு ஒரு கேள்வி எழுதிப் போடணும். அவங்க பதில் வந்தப்பறம்தான் அறுக்க ஆரம்பிப்பேன்."

"என்ன கேள்வி?"

"அது தொழில் ரகசியம்," என்று சொல்லிவிட்டுச் சீட்டியடித்தபடி பால் அறைக்குப் போனான். முழங்கால் வலி இருந்தும் படியிறங்குகையில் கைப்பிடியைப் பிடிக்காததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவனிடம் சொல்வதில்லை என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

ஆனால் ஆல்டாவிடம் சொல்லாமலிருக்க வழியில்லாமல் போயிற்று. இரண்டு மணிக்குப் பாதையில் வந்து சேற்றில் இரண்டு தரம் உறுமி நின்றது அவளுடைய வண்டி. ஆல்டா வில்மருக்கு ஆறு வயது மூத்தவள். எழுபதை நெருங்கியும் முதுகு வளையாதவள். எந்த வீட்டுக்குள்ளும் குரலைத்தான் முதலில் அனுப்புவாள்.

"வெர்டா! உங்க பாதையை மனுசங்க வர்றதுக்கு வெச்சிருக்கீங்களா, வாத்து வளக்கறதுக்கா?" காலணியைக் கழற்றிவிட்டு நேராக முன்னறைக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். ஒரு கட்டத்தை இரண்டு விரலால் தூக்கினாள். "கடவுளே, இது யாரு தெச்சது? தலையில கவுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகலாம் போல இருக்கு."

"நீ தெச்சதுதான்."

ஆல்டா கட்டத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவளுடைய நூல்தான். 

"என் வீட்டு மேசையில தட்டையா இருந்துச்சு."

"மேல இஸ்திரிப் பெட்டிய வெச்சிருப்ப."

"வெச்சிருந்தேன்தான்." அவள் கண் மேசைமேல் நின்ற சில்லுகளுக்குப் போனது. கூர்மையான பெண். தன்னுடையதையும் லவீனாவுடையதையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒருமுறை சுரண்டினாள். "சில்லு தப்பு! ஒண்ணுக்கொண்ணு ஒப்பே இல்ல. இந்தப் பய—"

"மெதுவாப் பேசு, ஆல்டா. கேட்டுடும்."

"கேக்கட்டுமே. அதுக்குத்தான பேசறது?"

"வேண்டாம். நீ அவனை டிசம்பர்ல பாக்கல. கிறிஸ்துமசுக்கு நீ வந்தப்ப உனக்காக எழுந்து உக்காந்தான், அவ்வளவுதான். இந்தச் சில்லு வந்தப்பறம்தான் ஆளு மனுசனா நடமாடறான். நான் எல்லாத்தையும் மறுபடி வெட்டித் தெச்சுடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"இருபத்தஞ்சு கட்டமா? செவ்வாக்கிழமைக்குள்ளயா? துணி எங்க இருக்கு? அந்தப் பழுப்புத் துணி கடையிலயே தீந்துபோச்சு."

வெர்டா கட்டில் ஓரத்தில் சரிந்திருந்த ஒரு கட்டத்தை நேராக்கினாள்.

"அவன் என்ன, கழிச்சல் கண்ட கன்னுக்குட்டியா? கம்பளியில சுத்தி அடுப்போரம் வெச்சுப் பாத்துக்கறதுக்கு?" என்றாள் ஆல்டா. ஆனால் குரலைத் தணித்தே சொன்னாள். "அறுபத்திமூணு வயசு ஆம்பள. தப்புன்னு சொன்னா செத்தா போயிடுவான்?"

"சாக மாட்டான். மறுபடி உக்காந்துடுவான்."

ஆல்டா கையிலிருந்த சில்லைப் பார்த்தாள். தம்பியைப் பற்றி அவளுக்கும் தெரியாதது இல்லை. "சரி, நான் வாயத் தொறக்கல," என்று அவள் சொல்லி முடிக்கும் முன், சமையலறைக் கதவு திறந்தது.

"ஆல்டாவா? வாசல்ல வண்டிய மண்ணு தின்னுட்டு இருக்கு, நீ உள்ள என்ன—" வில்மர் காலுறையோடு முன்னறை வாசலில் வந்து நின்றான். கட்டிலைப் பார்த்தான். பெண்கள் இருவரும் அதை மறைக்க எழுந்தார்கள். இரண்டு பேர் எழுந்து மறைக்கக்கூடிய கட்டில் அல்ல அது.

அவன் ஆல்டாவின் கட்டம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். கையை எடுத்ததும் அது மெல்ல எழுந்து குழிந்தது. லவீனாவுடையதை வைத்தான், அது நாலு பக்கமும் அலைந்தது. பிறகு வரிசையாக நின்ற சில்லுகளையும் ஆல்டா கையில் இருந்தவற்றையும் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நவம்பரில் லாரி போன பிறகு காலிக் கொட்டகையைப் பார்த்து நின்றபோதும் அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 

"இது ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன்," என்றான். கட்டங்களை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். காபிக்காக வந்திருக்க வேண்டும். குவளையை அடுப்பருகே மறந்து வைத்திருந்தான்.

"போச்சு," என்றாள் ஆல்டா.

வெர்டா கையில் அகப்பட்ட காலணியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அது ஆல்டாவின் காலணி. ஒரு அளவு பெரியது. சேறு ஒவ்வொரு அடிக்கும் அதைப் பிடுங்கப் பார்த்தது.

மாடுகள் போனபின் அவள் பால் அறைக்குள் நுழைந்ததில்லை. பால் தொட்டி இருந்த இடத்தில் இப்போது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் துளைபோடும் டிரில்லும். உள்ளே அவன் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, ஆல்டாவின் கட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, எஃகு அளவுகோலை வைத்துத் தையலோரத்தை அளந்துகொண்டிருந்தான். அவனுக்கு மேலே, முன்பு மாடுகளின் தீவன அளவு எழுதியிருந்த வெள்ளைச் சுவரில், தச்சுப் பென்சிலால் பெரிய எழுத்தில் பெண்களின் பெயர்கள் இருந்தன. ஆல்டா: கஞ்சம், அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒன்று குறை. லவீனா: தாராளம், பயந்துகொண்டு உள்ளே தள்ளித் தைக்கிறாள், முப்பத்திரண்டில் ஒன்று கூட்டு. அதற்குக் கீழே மற்ற மூவருக்கும் அப்படியே ஆளுக்கொரு குறிப்பு.

வெர்டா படித்தாள். கஞ்சக் கால் என்பது அவர்கள் பேச்சில் தினமும் புழங்குகிற சொல்தான். துணி மடங்கும் இடத்தில் ஓர் இழை போய்விடும் என்பதால் சிலர் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைத்தே தைப்பார்கள். அது கஞ்சக் கால். கை நடுங்குகிறவர்கள், பிரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் கூட்டித் தைப்பார்கள்; அது தாராளக் கால். யார் எது என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். சில்லு வாங்க வந்து அரை மணி பேசிய ஒவ்வொருத்தியிடமும் அவன் கேட்டுக்கொண்டது இதைத்தான். அவரவர் தையலுக்குத் தக்கபடி, ஒருத்திக்குச் சில்லை அரத்தில் தேய்த்துக் குறைத்திருக்கிறான். இன்னொருத்திக்குச் சற்றுப் பருத்த தண்டிலிருந்து அறுத்திருக்கிறான்.

"வெர்டா," என்றான் அவன், திரும்பாமலே. "ஆல்டா இப்படித் தெக்க மாட்டா."

"என்னது?"

"இங்க பாரு. சரியான கால் அங்குலம். இங்கயும். இங்கயும். ஆல்டா பொறந்ததுலேர்ந்து ஒரு தையலும் சரியான கால் அங்குலத்துக்குத் தெச்சது கிடையாது. எங்கம்மா விரல்ல தட்டித் தட்டிப் பாத்தாங்க, நடக்கல. இது வேற யாரோ தெச்சது."

"அவதான் தெச்சா."

"அப்ப எப்படி? லவீனாவும் பாரு, அதே கால் அங்குலம். அந்தப் பொண்ணு நிழலைப் பாத்தாலே அரை அங்குலம் உள்ள தள்ளித் தெக்கும். எல்லாருமா சேந்து ஒரே வாரத்துல எப்படித் திருந்தினாங்க?"

அவன் குரலைத்தான் வெர்டா கேட்டுக்கொண்டிருந்தாள். சொற்கள் அப்புறம்தான் காதில் ஏறின. நன்றாகக் கறந்துகொண்டிருந்த பசு ஒரு காலையில் பாதிப் பால் கொடுத்து நிறுத்தினால் அவன் இப்படித்தான் பேசுவான்: குனிந்து, தனக்குத்தானே, காரணம் அகப்படும்வரை சோறு தண்ணீர் நினைவில்லாமல். இடிந்தவன் பேசுகிற குரல் இல்லை இது. அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கூடவே, ஒரே வாரத்தில் எல்லோரும் எப்படித் திருந்தினார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

"நான்தான்," என்றாள்.

"நீ என்ன?"

"பிப்ரவரி கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். கஞ்சமும் வேண்டாம் தாராளமும் வேண்டாம், இந்தப் போர்வைக்கு எல்லாரும் ஒரே அளவுல தெக்கணும்னு. ஆளுக்கு ஒரு துண்டு மஞ்ச டேப் வெட்டிக் குடுத்தேன். மெஷின் ஊசிக்குப் பக்கத்துல, கால் அங்குலம் தள்ளி ஒட்டச் சொன்னேன். துணி விளிம்பு டேப்பை விட்டு நகரக் கூடாதுன்னேன்."

வில்மர் அளவுகோலைக் கீழே வைத்தான். "எங்கிட்ட சொல்லல."

"தையல் சமாசாரம்னு நெனச்சேன். நீயும்தான் இந்தச் சுவரைப் பத்தி எங்கிட்ட சொல்லல."

"உன்னை ஆச்சரியப்படுத்தலாம்னு. முப்பது கட்டமும் ஒண்ணா வந்து நிக்கும், நீ எப்படின்னு கேப்ப, அப்ப சொல்லலாம்னு." அவன் சுவரைப் பார்த்தான். "மாட்டுக்கு அப்படித்தான வெப்போம்? அதது வயித்துக்குத் தக்கபடி. கறந்ததெல்லாம் ஒரே தொட்டிக்குப் போகும்."

"நான் எல்லா வயித்தையும் ஒரே அளவுக்கு ஆக்கிட்டேன்."

"ஆக்கிட்ட." அவன் தோள் லேசாகக் குலுங்கியது. அவள் பதறி அருகே போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வருமளவுக்கு, சத்தமில்லாமல். "ஐம்பது வருஷமா அம்மாவாலயும் போதகராலயும் திருத்த முடியாதவளை, வெர்டா... ஒரு மஞ்ச டேப்ல..."

"யாரை?" வாசலில் ஆல்டா, வெர்டாவின் காலணியைப் பிதுங்கப் பிதுங்க மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண் சுவரில் ஏறியது. "இது என்னடா? என் பேரு எதுக்கு இங்க? கஞ்சமா? யாரு கஞ்சம்?"

"தையல்ல, ஆல்டா."

"என் பேருக்கு அடியில இன்னொரு பேரு தெரியுது. ரோசின்னு. மாட்டுப் பேரு மேலயா என்னை எழுதின?"

"வெள்ளை அடிச்சிட்டுத்தான் எழுதினேன்."

"எட்டிப் பாக்குதே!"

"நல்ல மாடு, ஆல்டா. கொம்பு மட்டும்தான் கொஞ்சம்."

ஆல்டா அளவுகோலை எடுத்து அவன் தோளில் ஒன்று வைத்தாள். ஆறு வயதில் தொடங்கிய பழக்கம்.

மூவரும் வீட்டுக்கு வந்தபின், வெர்டா ஆல்டாவின் கட்டம் ஒன்றை முழுக்கப் பிரித்தாள். தன் தையல் மெஷினில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பின் ஒரு முனையை நகத்தால் நெம்பியபோது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. ஆறு வீடும் ஒரே கையால் தைத்ததுபோல ஒரு போர்வை. அதுதான் அவள் ஆசைப்பட்டது. டேப் ஒரு சின்னச் சத்தத்தோடு வந்துவிட்டது.

"உக்காரு. உன் இஷ்டத்துக்குத் தெய்."

"என் இஷ்டம்னா?"

"அம்மா விரல்ல தட்டினப்ப எப்படித் தெச்சியோ அப்படி," என்றான் வில்மர்.

ஆல்டா தைத்தாள். துணியைப் பார்க்கவே இல்லை. பாதையைப் பற்றி, சரளைக்கல் கொட்டுவதில் ஊர்க்காரர்களின் மெத்தனத்தைப் பற்றி, லவீனா வீட்டில் சாறு இந்த ஆண்டு சீக்கிரம் நின்றுவிடும் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே தைத்தாள். ஊசி கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை வெளியே, நாற்பது மைல் நேர்ச்சாலையைப் போல, அசையாமல் ஓடியது. அது தவறு என்றால், இத்தனை சீரான தவறை ஒருவர் செய்வதை வெர்டா அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. கடைசித் துண்டும் சேர்ந்தபின் இஸ்திரி போட்டுக் கட்டிலில் விட்டார்கள். தட்டையாக விழுந்தது. வில்மர் அளந்தான்.

"பதினாலரை," என்றான். பிறகு, நேர்மையானவன் ஆதலால், "நூல் அளவு கம்மி," என்றான்.

"அந்த நூலை எனக்குக் குடு. ரோசிக்கு வேணும்," என்றாள் ஆல்டா.

சனிக்கிழமை எல்லோரும் வெர்டாவின் சமையலறைக்கு வந்தார்கள், அவரவர் மெஷினோடு. லவீனா முதல் சாற்றில் காய்ச்சிய பாகு ஒரு ஜாடி கொண்டுவந்தாள். பிரிப்பதுதான் பெரிய வேலை. இன்னும் இருபத்துநான்கு கட்டம், கட்டத்துக்கு ஐம்பது சொச்சம் தையல். வில்மர் மேசையின் கோடியில் உட்கார்ந்து, மாட்டின் குளம்பு சீவிய விரல்களால் ஒவ்வொரு நூலாகத் தூக்கி அறுத்தான். வேறு யாரையும்விட மெதுவாக, ஆனால் ஓர் இழைகூடத் துணியில் போகாமல்.

லவீனா தன்னுடைய ஊசியை எடுக்காமல் தயங்கினாள். ஐந்து பிள்ளை பெற்றும் யாரிடமும் குரல் உயர்த்தாத பெண். வெர்டாவிடம் குனிந்து கேட்டாள்.

"நான் உள்ள தள்ளித் தெக்கறது எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"தெரியும் கண்ணு."

"ரொம்ப நாளாவா?"

"உன் கல்யாணப் போர்வையிலேர்ந்து."

லவீனா சிவந்துபோனாள். "அப்பறம் ஏன் யாருமே சொல்லல?"

"உன் போர்வைதான் இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பிரிஞ்சு வரல," என்றாள் வெர்டா. "நாங்க என்னத்தச் சொல்றது?"

 லவீனா மெஷினைத் தன் பக்கம் இழுத்து, அதில் ஒட்டியிருந்த டேப்பைத் தானே பிய்த்து, உருட்டி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அன்று அவள் பயமில்லாமல் தாராளமாகத் தைத்தாள். மூன்று மணிக்குள் அவளுடைய ஐந்தும் சுருளாமல் படுத்தன.

வில்மர் மட்டும் பிற்பகலுக்குமேல் பேச்சு குறைந்திருந்தான். பிரிப்பதை நிறுத்திவிட்டு ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் பார்வையை நகர்த்திக்கொண்டிருந்தான். வெர்டா அதைக் கவனித்தாள். பழைய பயம் ஒருமுறை தலைதூக்கியது. காபி ஊற்றும் சாக்கில் அவனருகே போனாள்.

"என்ன?"

"ஒஹையோக்காரங்களுக்கு எழுதி வெச்ச கடுதாசியைக் கிழிச்சுட்டேன்."

"ஏன்? செய்யப் போறதில்லையா?"

"செய்யத்தான் போறேன். ஆனா கேள்வி கேட்டுப் பிரயோஜனம் இல்ல. எப்படித் தெப்பேன்னு அவங்களுக்கே தெரியாது. ஆல்டா சொன்னா உண்மை, ஏன்னா எனக்கு அவளை அறுபது வருஷமாத் தெரியும். முன்னபின்ன தெரியாத நாப்பது பேரு. அவங்க ஊர்ல எவ டேப் குடுத்திருக்காளோ?" அவன் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "தெக்கறதைப் பாக்கணும். பக்கத்துல உக்காந்து."

"நாப்பது பொம்பளைங்க தெக்கறதையா? உன்னை யாரு உள்ள விடுவாங்க?"

"நீ கூட வந்தா விடுவாங்க."

 ஆல்டாகூட மெஷினை நிறுத்தினாள். வெர்டா அவனைப் பார்த்தாள். முப்பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் இந்த வீட்டை விட்டு வெளியே தங்கியதே இல்லை. அவள் தங்கையின் பிரசவத்துக்குப் போனபோது அவன் கறந்தான். அவன் அண்ணனை அடக்கம் செய்யப் போனபோது அவள் கறந்தாள்.

"எத்தனை நாள்?" என்றாள்.

"ஒரு நாளைக்குப் பத்து பேரு பாக்கலாம். அவசரப்படுத்தினா சரியா வராது." அவன் யோசித்தான். "போர்வையைச் சட்டத்துல ஏத்திட்டு, புதன்கிழமை கிளம்பலாம்."

"பாதையில வண்டி போகாது," என்றாள் ஆல்டா.

"தள்ளு. நீ எதுக்கு இருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்டா காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, ஏதோ எடுக்கப் போகிறவள்போல மாடிக்குப் போனாள். அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. ஒருவர் மட்டுமே எப்போதும் பயணம் போகிற வீட்டில் இரண்டாவது பெட்டிக்கு அவசியம் வந்ததில்லை. கீழே மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அவள் பெட்டியைத் தூசி தட்டிக் கட்டிலில் திறந்து வைத்தாள். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மடித்து அடியில் வைத்தாள். மேலே தன்னுடைய நீல உடையை வைத்தாள். இன்னொரு சட்டை, இன்னொரு உடை, அவனுடைய முழங்கால் தைலப் புட்டி. பிறகு மூடியை இறக்கி முழங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

மூடிக்கொண்டது.